சாகத் தெரியாத படகு

கடல் இல்லாத ஊர்க்காரன் படகைப் பற்றி எழுதினால் முதலில் ஒரு காரணம் சொல்லிவிட வேண்டும். ஆரணியில் எங்களுக்கு இருப்பது கமண்டல நாகநதி. வருடத்தில் பல மாதங்கள் அது நதி அல்ல, மணல். கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். பட்டு, அரிசி, இரண்டும் எங்கள் ஊரில் பேச்சு. படகு என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் வேலையே கிடையாது.

என் காரணம் துணி. ஃபைபர் படகு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு துணி. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, புரிகளைத் தறியில் ஏற்றி, பாவும் ஊடையுமாக நெய்கிறார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. எங்கள் ஊரில் கற்றுக்குட்டிக்கு முதலில் கொடுக்கிற வெறும் நெசவுதான் அது. இதற்குக் கடற்கரையில் 'ரோவிங்' என்று பெயர். கூடவே 'மேட்' என்று ஒன்று உண்டு. அது நெய்யாதது, வெட்டிய இழைத்துண்டுகளைக் கண்டபடி பரப்பி ஒட்டியது. படகின் அச்சுக்கு மெழுகு தடவி, ஜெல்கோட் பூசி, அதன்மேல் மேட், ரோவிங், மறுபடி மேட் என்று ஒவ்வொரு அடுக்காகப் போட்டு ரெசினில் நனைத்துக் காயவிடுகிறார்கள். காய்ந்தபின் அச்சிலிருந்து உரித்தால் படகு. கஞ்சி போட்ட வேட்டி விறைத்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கஞ்சி இனி எந்தத் தண்ணீரிலும் கரையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சதுரங்கப்பட்டினத்துக் கரையில் ஒரு படகின் ஓரத்தில் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்த ரோவிங்கை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தபோது என் விரல் தானாகவே இழையை எண்ணப் போயிற்று. பரம்பரைப் புத்தி.

கண்ணாடி இழை 1930களில் அமெரிக்காவில் தொழிற்சாலைச் சரக்கானது. 1942இல் ஒஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் பாலியெஸ்டர் ரெசினைச் சேர்த்து ஒரு சின்னப் படகைச் செய்தார். போர் முடிந்தபின், 1950களில், அங்கே 'ரன்னபவுட்' என்ற வகைப் படகுகள் இந்தச் சரக்கில் வர ஆரம்பித்தன. மேலே மூடாத, நாலைந்து பேர் உட்காரக்கூடிய, பின்னால் மோட்டார் மாட்டிய சின்னப் படகு. காருக்குப் பின்னால் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவார்கள். அதற்கு முன்னால் இதே வகைப் படகை மஹாகனி மரத்தில் செய்தார்கள், பணக்காரர்கள் வாங்கினார்கள். ஃபைபர் அதை நடுத்தர வர்க்கத்துக் கையில் கொடுத்தது. எழுபது வருடம் போய்விட்டது. அந்தப் படகுகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்து, வாரக் கடைசிகளில் சுரண்டித் தேய்த்துப் புதுப்பிக்கிற மனிதர்கள் அங்கே நிறைய. புதுப் படகு வாங்குவதைவிட அதிகமாகவே பல சமயம் செலவாகும். அவர்களுக்கும் தெரியும், அவர்கள் மனைவிமாருக்கும் தெரியும்.

நம் கரைக்கு இந்தச் சரக்கு வந்த கதை வேறு. 1979இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பித்தது. துறைமுகம் இல்லாத, அலை உடைகிற மணற்கரையில் நேராக ஏறி இறங்கக்கூடிய மோட்டார் படகு ஒன்றைச் செய்ய முடியுமா என்று அவர்கள் பல வடிவங்களை ஓட்டிப் பார்த்தார்கள். கட்டுமரத்துக்கு வேண்டிய மரம் கிடைப்பது கடினமாகி, விலை ஏறிக்கொண்டிருந்த காலம். ஃபைபர் மெல்ல மெல்ல நுழைந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வெள்ளமாக வந்தது. உடைந்த கட்டுமரத்துக்கு மாற்றாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தார்கள். சில ஊர்களில் சுனாமிக்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகப் படகுகள் வந்து சேர்ந்தன. அவசரத்தில் செய்ததால் மேட் குறைவாகப் போட்டவை, ரெசின் சரியாகக் காயாதவை எல்லாம் இருந்தன. அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இப்போது இருபது வயது. நம் கரையில் பழைய படகைச் சரிசெய்வது என்றால் பெரும்பாலும் இவற்றைத்தான். கொட்டகை எல்லாம் கிடையாது. வீட்டு வாசலில், மணலில், ஒரு வேப்பமரமோ தார்பாயோ கொடுக்கிற நிழலில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய ஃபைபர் படகில் பெரும்பாலும் கெட்டுப்போவது ஃபைபர் அல்ல. உள்ளே ஒளித்து வைத்த மரம். எஞ்சினைத் தாங்குகிற பின்பக்கப் பலகை என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த பிளைவுட். எப்போதோ போட்ட ஒரு போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லை. மரம் உள்ளேயே ஊறி மக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் படகு ஜம்மென்று இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி தட்டிப் பார்ப்பது. அந்த சதுரங்கப்பட்டினத்துப் பெரியவர் ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், டொப். அந்த 'டொப்' வந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம்.

"மரப் படகுன்னா அதுவே சொல்லிடும் சார், எனக்கு முடியலன்னு. பூஞ்சை புடிக்கும், ஒழுவும். இது கமுக்கமா இருந்துட்டு நடுக்கடல்ல கழட்டி வுட்டுடும்."

உள்தோலை அறுத்து எடுத்தபோது வந்தது பலகை இல்லை, ஈரமான டீத்தூள். கையால் அள்ளிப் போட்டார். பிறகு பல நாள் வெயிலில் காயவிட வேண்டும். பிறகு புதிய பலகை, அதன்மேல் புதிய அடுக்குகள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. பழைய ஃபைபர் மீது புதிய ரெசினைத் தடவினால் இரண்டும் கலக்காது. முதல் தடவை காயும்போது நடந்த வேதியியல் முடிந்துபோன விஷயம். இட்லியை மாவாக்க முடியாது, அதுபோல. புதிய ரெசின் பழையதை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும், சுவரைப் பல்லி பிடிப்பதுபோல. அதனால் பிடிக்க இடம் கொடுக்க வேண்டும். ஒட்டுப்போடும் ஓரத்தை நேராக வெட்டாமல், நீளச் சரிவாகத் தேய்க்கிறார்கள். தோலின் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்காவது சரிவு வேண்டும் என்பது கணக்கு. ஆறு மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஏழு சென்டிமீட்டருக்குமேல் நல்ல ஃபைபரைத் தேய்த்து அழிக்க வேண்டும். ஓட்டை கையகலம், ஒட்டு முறத்தின் அகலம். "நல்ல எடத்தக் கெடுத்தாத்தான் கெட்ட எடம் நிக்கும்," என்றார் பெரியவர். தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் தோலில் ஏறி அரிக்கிறது. மூக்கில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். முகமூடி எங்கே என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும்.

தத்துவ வகுப்புகளில் படகு என்றவுடன் வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது. தீசியஸின் கப்பல். புளூட்டார்க் எழுதிவைத்தது: ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைப் பாதுகாத்தார்கள், உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதிய பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பலா வேறு கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். எடுத்துப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் மறுபடி ஒரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல்?

எனக்கு இந்தக் கேள்வியில் பெரிய கிளர்ச்சி ஏற்பட்டதில்லை. தறிக்காரன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது மாதாந்திரக் காரியம். பாவு தீர்ந்துபோகும்போது பழைய இழைகளை முழுக்க உருவிவிட மாட்டார்கள். பண்ணையிலும் விழுதிலும் கோத்தபடியே அவற்றின் வால் தொங்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் வாலோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். எங்கள் பக்கம் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. பிணைத்து முடித்ததும் பழசு முன்னால் நகர்ந்து போய்விடும், புதுசு அதன் வழியாகவே உள்ளே வந்து உட்காரும். தறியில் ஒரு பழைய இழைகூட மிச்சமில்லை, ஆனால் கோப்பு அதேதான். இது அதே பாவா என்று யாரும் கேட்டதில்லை. கூலி சரியாக வருகிறதா என்று கேட்பார்கள்.

கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப்போடுவார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் அந்தப் படகு இல்லாமலே போகிறது. மறுபடி கட்டினால் இருக்கிறது. ஒரு கட்டை ஊறிக் கனத்துப்போனால் அதை மட்டும் மாற்றலாம். ஏதென்ஸ்காரர்கள் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்திருந்தால் சண்டையே இருந்திருக்காது.

ஆக, அதே படகா என்பது என் கேள்வி இல்லை. என் கேள்வி வேறு: பழையதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கடமை நமக்கு இருக்கிறதா? இருந்தால், எதற்கு இருக்கிறது, யாருக்கு இருக்கிறது?

நாம் வழக்கமாகச் சொல்கிற பதில், அழகானதும் அரியதும் காப்பாற்றப்பட வேண்டும் என்பது. மஹாகனி ரன்னபவுட்டுக்குக் கண்காட்சியும் சங்கமும் உண்டு. கட்டுமரத்துக்கு அருங்காட்சியகம் உண்டு. கைத்தறிக்குத் தனிச் சட்டமே உண்டு. 1985ஆம் வருடச் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. பிற்பாடு அது 11 ஆகக் குறைந்தது. ஃபைபர் படகுக்கு யாரும் கவிதை எழுதுவதில்லை. அது பிளாஸ்டிக், அசிங்கம், கிழிந்தால் தூக்கிப் போடு. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுத் தறியை எடுத்துக்கொள்கிறேன். குழித்தறி, மேலே ஜக்கார்டு பெட்டி, அட்டைகள். அப்பா நெய்வதை நிறுத்திப் பல வருடமாயிற்று. முழங்கால் போய்விட்டது. அண்ணன் பேரப்பிள்ளைகள் விழுந்துவிடும் என்று குழியை மூடச் சொன்னான். நான் வேண்டாமென்றேன். இடையில் ஓட்டல் அலங்காரம் செய்கிற ஒருவர் வந்து, வரவேற்பறையில் வைக்க முழுத் தறியையும் கேட்டார், நல்ல விலைக்கு. பாவு ஏற்றின மாதிரியே வேண்டுமாம். பாதி நெய்த புடவையோடு, விளக்குப் போட்டு. எனக்குக் கோபம் வந்தது. நீளமாக ஏதோ பேசினேன், மரபு, கைவினை, நினைவு என்றெல்லாம். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"நெஞ்சவருக்கு இல்லாத வருத்தம் உனக்கு எதுக்குடா?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் நெய்தவர் 'நெஞ்சவரு'. அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தறி எங்கே போகிறது என்று அவர் கேட்கவே இல்லை. நாற்பது வருடம் குழியில் கால் வைத்தவருக்கு அந்த மரச்சட்டத்தின் மேல் பக்தி இல்லை. அவர் அதைப் பழுது பார்த்தவர், பேணியவர் அல்ல. மிதி உடைந்தால் மிதி, கயிறு அறுந்தால் கயிறு. அடுத்த புடவை இறங்க வேண்டும் என்பதற்காக. பழுது பார்ப்பது நாளைக்காகச் செய்வது. புதுப்பித்துப் பாதுகாப்பது நேற்றைக்காகச் செய்வது. இரண்டிலும் கை ஒரே மாதிரிதான் அசைகிறது, அதனால் நாம் குழப்பிக்கொள்கிறோம். இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர் நெசவாளர். பட்டணத்தில் இருப்பவருக்குக் கைத்தறி அப்படியே இருக்க வேண்டும், ஆனால் அந்தக் குழியில் தன் பிள்ளை உட்கார வேண்டியதில்லை. நேற்றைக்கான காவல் வேலையை இன்னொருவன் முழங்காலில் ஏற்றிவிட்டு, அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கிறோம். கைத்தறி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெய்பவன் நெய்ய விரும்பினால், கூலி கட்டுமானால், அவன் தறியைவிட உயர்ந்த இயந்திரம் எனக்குத் தெரியாது. நெய்ய ஆள் இல்லாத தறியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

மரத்துக்குச் சாக உரிமை உண்டு. தறி உளுத்தால் அடுப்புக்குப் போகும், சாம்பல் பாத்திரத்துக்குப் போகும். பூரி ஜகந்நாதருக்கே மர உடம்பு மாற்றுகிறார்கள், கடைசியாக 2015இல் நடந்தது. பழைய திருமேனியைக் கோயில் வளாகத்திலேயே புதைத்துத் துக்கம் காக்கிறார்கள். கடவுளின் கட்டைக்கே ஒரு முடிவு அனுமதிக்கப்படுகிறது என்றால், ஆரணித் தறிக்கு அனுமதிக்காமல் இருக்க நான் யார்?

இப்போது பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். களிமண் பிள்ளையார் இரவே கரைந்து போயிருப்பார். பிளாஸ்டர் பிள்ளையார் கையொடிந்து, வண்ணம் கலையாமல், கரையில் மல்லாந்து கிடப்பார். தடை போட்டும் இன்னும் வருகிறார். கரைத்தல் என்ற சடங்கின் அர்த்தமே கரைவதுதான். கரையாத ஒன்றுக்கு அந்தச் சடங்கைச் செய்தால் மிஞ்சுவது குப்பை அள்ளுகிறவரின் வேலை.

ஃபைபர் படகு பிளாஸ்டர் பிள்ளையாரைவிடப் பிடிவாதம். பிளாஸ்டிக் குடத்தை உருக்கி மறுபடி குடம் செய்யலாம். இந்த ரெசினை உருக்க முடியாது, முன்னால் சொன்ன இட்லிக் கதைதான். எரித்தால் கறும்புகை, உள்ளே கண்ணாடி இழை அப்படியே. புதைத்தால் அப்படியே கிடக்கும். தூக்கிப் போடு என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இந்தச் சரக்கின் விஷயத்தில் பொருளே இல்லை. நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொருவன் வாசலுக்கு நகர்த்து என்றுதான் பொருள். நம் கரை நெடுகப் பாருங்கள், கருவேலம் புதருக்குள், உப்பங்கழி ஓரத்தில், வயிறு கிழிந்த படகுகள். வெயில் மேல்பூச்சைச் சுண்ணாம்பாக்குகிறது. இழைகள் வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன. தூள் தூளாகி மணலோடு சேர்கின்றன. மக்கவில்லை, சின்னதாகின்றன, அவ்வளவே.

ஆகவே கடமையின் ஊற்று பொருளின் அழகில் இல்லை, அபூர்வத்திலும் இல்லை என்பேன். எதை நாம் முடித்துவைக்க முடியாதோ அதை நடத்திக்கொண்டு போக வேண்டிய பொறுப்பு நமக்கு வருகிறது. சாகக்கூடியதை உண்டாக்குபவன் பாதிப் பொறுப்போடு தப்பலாம், மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். சாகாததை உண்டாக்குபவனுக்குக் கரையான் உதவிக்கு வராது. அந்த வகையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கொட்டகையில் பழைய ரன்னபவுட்டின் ஜெல்கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அமெரிக்கக்காரரை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன். அவர் ஏக்கத்தால் செய்கிறார், தன் அப்பா ஓட்டிய படகு என்பதால் செய்கிறார், எதுவாகவும் இருக்கட்டும். இன்னொரு இருபது வருடத்துக்கு ஒரு புதிய அச்சு வார்க்கப்படவில்லை, ஒரு பழைய தோல் குப்பைக்குப் போகவில்லை. காரணம் உணர்ச்சிவசமாக இருந்தாலும் காரியம் சரி.

ரஸ்கின் 1849இல் கட்டிடங்களைப் பற்றி எழுதும்போது புதுப்பித்தல் என்பதே பொய், அது ஒரு வகை அழிப்பு என்று கடுமையாகச் சொன்னார். இறந்தவர்களை எழுப்ப முடியாததுபோலக் கட்டிடத்தையும் எழுப்ப முடியாது, முன்கூட்டியே கவனித்துக்கொள், பிறகு அது போகும்போது போகட்டும் என்பது அவர் வாதம். கல்லுக்கும் மரத்துக்கும் அது பொருந்தும். நம் கோயில்களில் மணலைப் பீய்ச்சிச் சிற்பங்களின் மூக்கை மழுக்கியவர்களுக்கு அவர் புத்தகத்தை யாராவது படித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் ரஸ்கினுக்குச் சாகாத பொருள் ஒன்று வரும் என்று தெரியாது. போகும்போது போகட்டும் என்று அவர் சொன்னதற்கு, அது போய்விடும் என்ற நம்பிக்கை அடிப்படை. இங்கே அந்த நம்பிக்கை செல்லாது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். ஒன்று லேசானது: பழைய படகு ஆபத்து, உயிர் போகும். உண்மைதான். ரெசினோடு சேர்க்கிற ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் தனித்தனியாகக் கலக்காமல் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடிக்கும் என்பதுகூடத் தெரியாமல் வேலை செய்கிறவர்கள் உண்டு. மோசமாகப் போட்ட ஒட்டு, ஒட்டே போடாததைவிடக் கெடுதல், ஏனென்றால் அது நம்பிக்கை கொடுக்கிறது. ஆனால் இது நன்றாகச் செய் என்பதற்கான வாதம், செய்யாதே என்பதற்கானது அல்ல.

இரண்டாவது கனமானது. கடமை என்று நீ சொல்கிறாய், அந்தக் கடமையைச் செய்கிறவன் யார்? மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடித் தூளை உள்ளே இழுக்கிற அந்தப் பெரியவர். படகை அவர் கேட்டு வாங்கவில்லை, 2005இல் யாரோ கொடுத்தார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேட் குறைவாகப் போட்டது அவர் அல்ல. சாகாத பொருளைச் செய்தவன் விற்றுவிட்டுப் போய்விட்டான், கொடுத்தவன் கணக்கு முடித்துவிட்டுப் போய்விட்டான். கடைசியாகக் கையில் வைத்திருப்பவன் தலையில் அறத்தைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? தறி விஷயத்தில் நெசவாளர் முழங்காலில் பாரம்பரியத்தை ஏற்றாதே என்று சொன்ன அதே வாயால், மீனவர் நுரையீரலில் சுற்றுச்சூழலை ஏற்றலாமா?

கூடாது. கடமை பொருளைப் பின்தொடர்கிறது என்றால், அது செய்தவன் வீட்டிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். பிரான்ஸில் 2019இலிருந்து இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. புதிதாகச் சந்தைக்கு வரும் உல்லாசப் படகுகளுக்குச் செய்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் ஒரு தொகை கட்டுகிறார்கள், அந்தப் பணத்தில் ஆயுள் முடிந்த படகுகளைப் பிரித்து எடுக்கிறார்கள். பிரித்தபின் என்ன செய்வது என்பதில் அவர்களுக்கும் முழுத் திருப்தி இல்லை. சிமெண்ட் சூளையில் போடலாம், பொடியாக்கலாம். ஆனால் ஏழை மீனவன் வாசலில் விட்டுவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

இது படகோடு நிற்கிற விஷயமும் அல்ல. முப்பந்தலில் சுற்றுகிற காற்றாலை இறக்கைகளும் கண்ணாடி இழையும் ரெசினும்தான். தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் முதல் காற்றாலைகள் நின்றன. அந்தத் தலைமுறைக் காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. பழையவற்றை மாற்றவும், சீரமைக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் 2024இல் மாநில அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. மின்சாரக் கணக்கு அதில் நிறைய வரும். கழற்றிப் போட்ட இறக்கைகள் எந்த ஊர்ப் புறம்போக்கில் படுத்துக் கிடக்கப் போகின்றன என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். அவை படகைப்போல் இருபத்தெட்டு அடி அல்ல.

செய்பவனைக் கட்டவைப்பது அரசின் வேலை, நாளாகும். அதுவரை? அதுவரை சரிசெய்கிறவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்கு நல்ல முகமூடி, கையுறை, வட்டியில்லாத ரெசின் இதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது தத்துவமாகத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் உடனே செய்யக்கூடியது அது ஒன்றுதான். மேற்கில் 'பழுது பார்க்கும் உரிமை' என்று போராடுகிறார்கள், செல்போனுக்கும் டிராக்டருக்கும். நம் கரையில் பழுது பார்க்கும் உரிமையை யாரும் தடுக்கவில்லை. பழுது பார்க்கிறவனுக்கு மூச்சு விடும் உரிமைதான் பாக்கி.

தறியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ஓட்டல்காரருக்குக் கொடுக்கவில்லை. காரணம் மரபு அல்ல. பாதி நெய்த புடவையோடு வேண்டும் என்றாரே, அந்தப் பாதியை நெய்ய அப்பா மறுத்துவிட்டார். "முடிக்காத பொடவைய எதுக்கு நெய்யணும்?" என்றார், பேப்பரை மடிக்காமலே. பண்ணையையும் விழுதையும் தேவிகாபுரத்தில் இன்னும் நெய்கிற ஒரு சொந்தக்காரர் எடுத்துப் போனார். ஜக்கார்டு பெட்டியும் அவருக்கே. மரச்சட்டம் பிரித்து மாட்டுக் கொட்டகைக்குக் கூரையானது. குழியை மூடிவிட்டோம்.

சதுரங்கப்பட்டினத்துப் படகு அந்த மாதமே தண்ணீரில் இறங்கிவிட்டது. ஒட்டுப்போட்ட இடம் மட்டும் வெளுத்து, சட்டையில் புதுத்துணி வைத்துத் தைத்த மாதிரி தனியாகத் தெரிந்தது. பெயிண்ட் அடிக்கவில்லையா என்றேன். எங்கே ஒட்டுப்போட்டோம் என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை தட்டிப் பார்க்க வசதி என்றார். இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன்.

"அது வரும் சார், என்னவுட ரொம்ப வருசம் வரும். ஓட்டறதுக்கு யாரு இருப்பான்னுதான் பாக்கணும்."

அவர் பையன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறான். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற பஸ்ஸும் படகு கரைக்கு வருகிற நேரமும் ஒன்று. சில நாள் பையன் அப்படியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, படகை மேலே ஏற்ற ஒரு கை கொடுப்பானாம்.